படகு மாறினாலும் பாட்டு கரை சேரட்டும்

வீடு மாற்றிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பீரோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். கட்டில் போய்ச் சேர்ந்துவிடும். ஆட்டுக்கல்லைக்கூட நாலு பேர் முக்கி முனகித் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். காணாமல் போவதெல்லாம் இடியாப்ப அச்சு, ஊறுகாய் ஜாடியின் மூடி, பாட்டி தன் கைப்பட எழுதி வைத்த மருந்துக் குறிப்பு, இப்படிப்பட்ட சில்லறைச் சாமான்கள்தான். அதுவும் சாமான் வண்டி வந்து நின்ற அன்றைக்குத் தெரியாது. தீபாவளிக்கு லேகியம் கிளற உட்காரும்போதுதான், "ஐயையோ, அந்தக் காகிதம் எங்கே?" என்று தேடுவோம்!

கம்ப்யூட்டர் மாற்றுவதும் ஏறக்குறைய இதே கதைதான். அதிலும் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் மாற்றும்போது காணாமல் போவது சில்லறைச் சாமான் அல்ல; பாட்டே போய்விடும்.

காரைக்காலை அடுத்த பட்டினச்சேரியிலிருந்து ஒரு சகோதரி இந்தப் பகுதிக்கு எழுதியிருக்கிறார். திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய கடலோர மீனவ கிராமம் அது. அவருடைய மாமியார் தாலாட்டு பாடுவாராம், கும்மி பாடுவாராம், கரைவலை இழுக்கும்போது ஆண்கள் பாடும் அம்பாப் பாட்டும் அந்த அம்மாளுக்குத் தலைகீழ்ப் பாடமாம். வலை இழுக்கிற பாட்டு இப்போது எங்கே கேட்கிறது? கட்டுமரம் போய் ஃபைபர் படகும் மோட்டாரும் வந்துவிட்டன. மோட்டாருக்குப் பாட்டு வேண்டியதில்லை அல்லவா? ஆகவே, மருமகள் ஒரு மைக் வாங்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து வருஷத்தில் ஐம்பது பாட்டுக்கு மேல் கம்ப்யூட்டரில் பதிவு செய்திருக்கிறார். சிலவற்றுக்குக் கீபோர்டில் தாமே பின்னணியும் சேர்த்திருக்கிறார். போன தை மாதம் மாமியார் காலமாகிவிட்டார். இனி அந்தக் குரல் இருக்கும் இடம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

மூன்று பேர், மூன்று யோசனை

அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருஷம் திருத்தங்கள் தருவதாகச் சொன்னார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்குக் கம்ப்யூட்டருக்குள் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசஸரானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு இந்த யோக்கியதாம்சம் கிடையாது.

இந்த நிலையில் வீட்டார் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்களாம். பிரான்சில் இருக்கும் தம்பி, "அக்கா, யோசிக்காதே. மேக் வாங்கிவிடு" என்கிறார். இன்ஜினீயரிங் படிக்கும் அண்ணன் மகன், "எதற்கு அத்தை பணத்தைக் கொட்டுகிறீர்கள்? லினக்ஸ் போட்டுத் தருகிறேன், இனாம்!" என்கிறான். வீட்டுக்காரரோ, "இருப்பது ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்கிறார். சகோதரி நம்மைக் கேட்கிறார்: "எதை வாங்கலாம்?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி ஒன்று இருக்கிறது: அத்தையின் பாட்டைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து முழுசாக வெளியே எடுப்பது எப்படி? இதற்கு விடை கிடைத்துவிட்டால், எதை வாங்கினாலும் பெரிய நஷ்டம் இல்லை. இதற்கு விடை இல்லாவிட்டால், தங்கத்திலேயே கம்ப்யூட்டர் செய்து வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

அலமாரியும் சமையல் குறிப்பும்

பாட்டுப் பதிவு செய்யும் சாஃப்ட்வேரில் வேலையை முடித்ததும் 'சேவ்' என்று அமுக்குகிறோம். ஒரு ஃபைல் உண்டாகிறது. அதற்குள் பாட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் அந்த ஃபைலுக்குள் பாட்டு இருப்பதில்லை! இருப்பது பாட்டைப் பற்றிய குறிப்பு மட்டுமே.

நம் சமையலறையிலிருந்தே உதாரணம் சொல்லலாம். ஒரு அம்மாள் தன் மகளுக்கு ரசம் வைக்கக் குறிப்பு எழுதுகிறாள்: "இரண்டாம் தட்டில் இருக்கும் சிவப்பு டப்பாவிலிருந்து ஒரு கரண்டி, மூன்றாம் தட்டுப் பித்தளைச் சம்புடத்திலிருந்து அரைக் கரண்டி." அந்த வீட்டில், அந்த அலமாரிக்கு முன்னால் நின்றால் அருமையான குறிப்பு. மகள் அதை மடித்து எடுத்துக்கொண்டு புக்ககம் போனால்? அங்கே அலமாரி வேறு, டப்பா வேறு. ரசம் எங்கிருந்து வரும்?

சாஃப்ட்வேர் எழுதி வைக்கும் குறிப்பும் அப்படித்தான். "இன்ன இடத்தில் உள்ள குரல் ஃபைலை எடு, இன்ன விநாடியில் ஆரம்பி, இன்ன ப்ளக்-இன் வழியாக எதிரொலி சேர்" என்று எழுதி வைத்திருக்கும். விண்டோஸில் மட்டும் ஓடும் சாஃப்ட்வேர் எழுதிய குறிப்பை மேக் படிக்காது. இரண்டிலும் ஓடும் சாஃப்ட்வேராகவே இருந்தாலும், குரல் ஃபைல்கள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டால், "காணவில்லை" என்று கையை விரித்துவிடும். வீணை மாதிரியும் தபேலா மாதிரியும் ஒலி கொடுக்கிற ப்ளக்-இன்னும் ஒவ்வொரு மேடைக்கும் தனித்தனியாகச் செய்யப்பட்டது. விண்டோஸுக்காகச் செய்ததைத் தூக்கி மேக்கில் போட்டால் அது வெறும் ஜடம்.

கடை மூடிய கதைகள்

"அப்படியெல்லாம் நடக்குமா? பெரிய பெரிய கம்பெனிகள் ஆயிற்றே!" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது.

ஜெர்மனியில் இமாஜிக் என்று ஒரு கம்பெனி. 'லாஜிக்' என்ற இசை சாஃப்ட்வேரை அது விண்டோஸ், மேக் இரண்டுக்கும் செய்து விற்றது. 2002 ஜூலையில் ஆப்பிள் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. இமாஜிக்கின் வருமானத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்குக்கு மேல் மேக்கிலிருந்து வருகிறது என்று காரணம் சொல்லி, அந்த செப்டம்பர் முப்பதாம் தேதியோடு விண்டோஸ் விற்பனையை நிறுத்திவிட்டது. பாக்கி வருமானத்துக்குக் காரணமான விண்டோஸ்காரர்களின் கதி? ஒன்று, புது மேக் வாங்க வேண்டும். அல்லது, வேறு சாஃப்ட்வேர் தேட வேண்டும். மூன்று மாத அவகாசத்தில் ஊரையே காலி செய்யச் சொன்ன மாதிரி ஆயிற்று!

விண்டோஸுக்கே உரிய சாஃப்ட்வேரானால் பத்திரமா? 'கேக்வாக் சோனார்' அப்படிப்பட்ட ஒன்று. அதை வைத்திருந்த கிப்ஸன் கம்பெனி 2017 நவம்பரில் இனிமேல் அபிவிருத்தி கிடையாது என்று அறிவித்தது. நல்ல வேளையாக, 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரைச் சேர்ந்த பேண்ட்லேப் அதை வாங்கி, இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. இந்தக் கதையில் கடைசி நேரத்தில் ஒரு மாமா வந்து கல்யாணத்தை நடத்தி வைத்தார். எல்லாக் கதையிலும் மாமா வருவார் என்று சொல்ல முடியுமா?

சரி, மேக்கிலேயே இருந்துவிட்டால்? அங்கேயும் 2019-ல் 'கேட்டலினா' வந்தபோது 32 பிட் சாஃப்ட்வேர்கள் ஒரேயடியாக ஓடாமல் போயின. 2020-ல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாற ஆரம்பித்ததும், பழைய ப்ளக்-இன்களுக்கு மறுபடியும் புதுப் பிரதி தேட வேண்டி வந்தது. ஃபயர்வயர் கேபிளில் இணையும் பழைய ஒலிப்பதிவுப் பெட்டிகளை 2025-ல் வந்த மேக் ஓ.எஸ். 26 கைவிட்டது. ஆக, மேடையை நாம் மாற்றாவிட்டாலும், மேடை நம் காலடியில் மாறிக்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு வைத்தியம் புதிதல்ல. அந்தச் சகோதரியின் ஊரிலேயே இருக்கிறது. திருமலைராயன்பட்டினம் என்றதும் காளமேகப் புலவர் ஞாபகம் வரும். அவர் கோபத்தில் பாடியதால் ஊரில் மண்மாரி பெய்தது என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அவர் பாட்டுகள் இன்றும் நம் கையில் இருக்கின்றன. எப்படி? ஓலை செல்லரிப்பதற்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் அடுத்த ஓலையில் எழுதினார். பிறகு காகிதத்தில் எழுதினார்கள். பிறகு அச்சில் ஏற்றினார்கள். ஓலையைத்தான் மாற்றினார்கள், பாட்டை மாற்றவில்லை. பிரதி எடுக்க ஆள் இல்லாத பாட்டுகள் ஓலையோடு ஓலையாகப் போய்விட்டன.

முதலில் சரக்கை இறக்குங்கள்

மீன் பிடித்துத் திரும்பிய படகைக் கரையில் ஏற்றினால் முதல் வேலை என்ன? மீனை இறக்குவது. பிறகுதான் என்ஜினைக் கழற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம். கம்ப்யூட்டருக்கும் அதே முறை.

ஒன்று: ஒவ்வொரு பாட்டையும் பழைய கம்ப்யூட்டரிலேயே திறவுங்கள். குரல் தனி, கீபோர்டு தனி, தாளம் தனி என்று ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி 'வேவ்' ஃபைலாக வெளியே எடுங்கள். எல்லா டிராக்கும் பாட்டின் ஆரம்பத்திலிருந்தே தொடங்கட்டும். குரல் ஒன்றாவது நிமிஷத்தில்தான் வருகிறது என்றாலும், முன்னால் உள்ள மௌனத்தோடு சேர்த்தே எடுக்க வேண்டும். அப்போதுதான் புது இடத்தில் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடுக்கினால் தாளம் பிசகாமல் உட்காரும்.

இரண்டு: பதிவு செய்தபோது என்ன அளவில் செய்தீர்களோ அதே அளவில் எடுங்கள். எம்.பி.3-ஆகச் சுருக்கிவிடாதீர்கள். அது காய்ந்த மாங்காய் மாதிரி. மறுபடி பச்சை மாங்காய் ஆகாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற நல்ல அளவில்கூட ஒற்றைக் குரல் டிராக் நிமிஷத்துக்குச் சுமார் 8.6 எம்.பி.தான் ஆகும். நாலு நிமிஷப் பாட்டுக்கு ஆறு டிராக் என்றால் சுமார் 207 எம்.பி. ஐம்பது பாட்டும் சேர்ந்து பத்து ஜி.பி.யைச் சற்றே தாண்டும். முப்பத்திரண்டு ஜி.பி. பென் டிரைவில் எல்லாம் அடங்கிப் பாதிக்கு மேல் இடம் மிஞ்சும்.

மூன்று: எதிரொலி முதலிய அலங்காரம் சேர்த்த குரலை ஒரு பிரதியும், அலங்காரம் இல்லாத பச்சைக் குரலை ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். அந்த அலங்காரம் செய்யும் ப்ளக்-இன் புது இடத்தில் கிடைக்காமல் போகலாம். பச்சைக் குரல் இருந்தால் வேறு நகை போட்டுக்கொள்ளலாம்.

நான்கு: கீபோர்டில் வாசித்ததை 'மிடி' ஃபைலாகவும் எடுங்கள். மிடி என்பது ஒலி அல்ல. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தி வாசித்தோம் என்ற கணக்கு. 1983-லிருந்து இருக்கும் பொதுப் பாஷை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் இதைப் புரிந்துகொள்ளும்.

ஐந்து: கடைசியாக, எல்லாம் சேர்ந்த முழுப்பாட்டு ஒரு பிரதி. இதுதான் பேரப் பிள்ளைகள் கேட்கப் போவது.

ஆறு: ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தனி ஃபோல்டர். அதில் ஒரு சிறு குறிப்பு எழுதிப் போடுங்கள்: பாடியவர் பெயர், பதிவு செய்த தேதி, எந்தச் சந்தர்ப்பத்தில் பாடும் பாட்டு, சுருதி, தாளத்தின் வேகம். இந்தக் குறிப்பில் சோம்பல் கூடாது. இன்னும் முப்பது வருஷம் கழித்துக் குரல் இருக்கும், "இது யார் குரல்?" என்று சொல்ல ஆள் இருக்காது.

கொண்டுபோகும் டிஸ்க்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விண்டோஸ் வழக்கமாக உபயோகிக்கும் என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைத்த டிஸ்க்கை மேக் படிக்கும். ஆனால் தானாக அதில் எழுதாது. டிஸ்க்கை எக்ஸ்-ஃபேட் முறையில் அமைத்தால் இரண்டும் படிக்கும், இரண்டும் எழுதும். ஆனால் அமைக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆகவே காலி டிஸ்க்கில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்!

எல்லாம் எடுத்தாயிற்றா? அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டாகக் கேளுங்கள். ஃபைல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் போதாது. ஃபைல் இருக்கும், உள்ளே மௌனம் இருக்கும். காதால் கேட்ட பிறகே "வந்து சேர்ந்தது" என்று கணக்கு.

இனி மூன்று வீடுகளைப் பார்ப்போம்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வரலாம்.

மேக் வீடு சௌகரியமானது. வாங்கும்போதே 'கராஜ்பேண்ட்' என்ற பாட்டு சாஃப்ட்வேர் இனாமாகக் கிடைக்கிறது. ஒலிப்பதிவுப் பெட்டிகள் பலவற்றைச் சொருகிய உடனே, டிரைவர் எதுவும் போடாமலே, அது அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் வாடகை ஜாஸ்தி. 2024-ல் வந்த மேக் மினி நம் நாட்டில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமாயிற்று. அதில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேராது. பின்னால் நினைத்தபோது மெமரியைக் கூட்டவும் முடியாது.

"ரஹ்மானே மேக்கில் லாஜிக் வைத்துத்தானே இசையமைக்கிறார்!" என்பது பிரான்ஸ் தம்பியின் கட்சி. வாஸ்தவம். லாஜிக்கை நெடுங்காலமாகக் கையாள்பவர் ஏ. ஆர். ரஹ்மான். சென்னையில் அவர் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியில் லாஜிக் சொல்லிக்கொடுக்க மேக் கூடம் அமைப்பதாக ஆப்பிளே 2017-ல் அறிவித்தது. ஆனால் அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. 1989-ல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக்கொண்டு, அங்கிருந்து 1992-ல் 'ரோஜா'வைக் கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே நாடு கேட்கிற பாட்டைச் செய்யலாம் என்பதுதான் அந்தப் பாடம். கருவியின் பெயர் அதற்கு அப்புறம்.

லினக்ஸ் வீட்டுக்கு வாடகையே கிடையாது. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் வீடுகளில் சிலருக்கு இது பழக்கமானதுகூட. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற நம் நாட்டு லினக்ஸும் வந்தது ஞாபகம் இருக்கும். இசைக்கென்றே 'உபுண்டு ஸ்டுடியோ' என்று தயார் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் 'ஆர்டர்', 'ஆடாசிட்டி' போன்ற பதிவு சாஃப்ட்வேர்கள் இலவசம். பழைய கம்ப்யூட்டரையே தூக்கிப் போடாமல் உபயோகிக்கலாம் என்பது பெரிய லாபம். கஷ்டம் என்னவென்றால், விண்டோஸுக்கான ப்ளக்-இன்கள் இதில் நேராக ஓடாது. ஒலிப்பதிவுப் பெட்டியும், தனி டிரைவர் கேட்காத பொது ரகமாக இருந்தால்தான் ஒத்துப்போகும். ஏதாவது தகராறு என்றால் அண்ணன் மகன்தான் வர வேண்டும். அவனுக்குப் பரீட்சை சமயமாக இருந்தால் பாட்டு காத்திருக்க வேண்டியதுதான்! ஒரு சௌகரியம்: லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் ஒன்றையும் அழிக்காமல், ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். குடி போவதற்கு முன் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க எந்த வீட்டுக்காரர் விடுவார்?

விண்டோஸ் வீட்டிலேயே இருக்கலாம், புதுக் கம்ப்யூட்டராக வாங்கிக்கொண்டு. பழகிய சாஃப்ட்வேர், பழகிய ப்ளக்-இன், பழகிய கை. புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு. வாங்கும்போது ஒலிப்பதிவுப் பெட்டிக்கு விண்டோஸ் 11-க்கான 'ஏஸியோ' டிரைவர் உண்டா என்று மட்டும் அதன் கம்பெனிப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும். பாடும்போது நம் குரல் நம் காதுக்குத் தாமதமாக வந்தால் தாளம் தடுமாறும். கம்ப்யூட்டர் 1,024 துணுக்குகளாகச் சேர்த்துச் சேர்த்து ஒலியைக் கையாண்டால், ஒரு தொகுதி நிரம்பவே 21 மில்லி செகண்டு ஆகிறது. அதற்குள் காற்றில் ஓசை ஏழு மீட்டர் போய்விடும். வாசலில் நிற்பவர் பாட, கொல்லையில் நிற்பவர் ஜால்ரா போட்ட மாதிரி இருக்கும்! 128 துணுக்குகளாகக் குறைத்தால் இந்த ஏழு மீட்டர் ஒரு மீட்டருக்கும் கீழே வந்துவிடும். அப்படிக் குறைத்தும் திணறாமல் ஓட நல்ல டிரைவர் வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பரிசோதனை.

நான்காவதாக, வீட்டுக்காரர் சொன்ன யோசனையும் அப்படியொன்றும் மோசமில்லை. பழைய கம்ப்யூட்டரின் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பாட்டுப் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். திருத்தங்கள் வராவிட்டாலும், வெளியார் நுழைய வழியில்லாத வீட்டில் திருட்டுப் பயம் குறைவு. ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்கும் வயதாகிறதே! அது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கண்ணை மூடும்.

எந்த வீட்டுக்குப் போனாலும், உள்ளே வைக்கும் அலமாரி மூன்று வீட்டுக்கும் பொருந்துவதாக இருப்பது நல்லது. ஆடாசிட்டி, ரீப்பர், ஆர்டர் போன்றவை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகின்றன. அடுத்த தடவை மாற நேர்ந்தால் இடிபட வேண்டியதில்லை.

உப்புக் காற்றும் மூன்று பிரதியும்

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. உப்புக் காற்று பிளக்குகளின் செம்பில் பச்சை பிடிக்க வைக்கும், மைக்கையும் விடாது. வேலை முடிந்ததும் மைக்கையும் டிஸ்க்கையும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது கட்டாயம்.

பிரதிகள் மூன்று வேண்டும்: கம்ப்யூட்டரில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது வேறு ஊரில் ஒன்று. மூன்றையும் ஒரே பீரோவில் வைத்துப் பூட்டினால் அது மூன்று பிரதி ஆகாது, ஒரே பிரதிதான். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்று அந்தக் கரையில் மனிதர்களோடும் படகுகளோடும் எத்தனை வீட்டுக் கல்யாண ஆல்பங்கள், எத்தனை கேஸட்டுகள் போயின என்று யார் கணக்கு வைத்தார்கள்? பிரான்சில் ஒரு தம்பி இருப்பது இதற்குத்தான் உபயோகம்! மேக் வாங்கச் சொன்னவர் ஒரு டிஸ்க்கையும் தம் வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

எப்போது மாற்றுவது?

கையில் பாதி வேலை இருக்கும்போது மாற்றக் கூடாது. கோயில் திருவிழாவுக்கு ஒரு பாட்டு தர வேண்டும், உறவினர் கல்யாணத்துக்கு ஒரு நலங்குப் பாட்டு தர வேண்டும் என்று வாக்குக் கொடுத்திருந்தால், அதைப் பழைய கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில்தானே படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், வலை பின்னுகிறார்கள், என்ஜினைப் பிரித்துப் போடுகிறார்கள்? நடுக்கடலில் யாரும் என்ஜினைப் பிரிப்பதில்லை. பாட்டுக்காரர்களும் வருஷத்தில் ஒரு தடைக்காலம் வைத்துக்கொள்ளலாம். பிரதி எடுக்க, கேட்டுப் பார்க்க, குறிப்பு எழுத, மாறுவதானால் மாற. படகுச் சத்தம் குறைந்த அந்த வாரங்களில் பதிவும் சுத்தமாக இருக்கும். அது கூடுதல் லாபம்.

புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் பழையதை உடனே விற்றுவிடாதீர்கள். ஆறு மாதமாவது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஏதோ ஒரு டிராக் விட்டுப்போயிற்று என்பது மூன்றாவது மாதத்தில்தான் தெரியவரும். பழைய கம்ப்யூட்டருக்குக் கடைக்காரர் தரும் விலையைவிட அந்த ஒரு டிராக்கின் விலை ஜாஸ்தி.

ஆகவே பட்டினச்சேரிச் சகோதரிக்கு நம் யோசனை: இந்த மாதம் எதையும் வாங்க வேண்டாம். ஒரு டிஸ்க் மட்டும் வாங்குங்கள். தினம் இரண்டு பாட்டு வீதம் வெளியே எடுத்தால் ஒரு மாதத்துக்குள் வேலை முடியும். பிறகு அண்ணன் மகனை அழைத்து, லினக்ஸைப் பென் டிரைவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மைக்கும் ஒலிப்பதிவுப் பெட்டியும் அதோடு ஒத்துப்போனால் பணம் மிச்சம். ஒத்துவராவிட்டால் மேக்கா, புது விண்டோஸா என்பதைப் பணப்பையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எதில் போனாலும் அத்தையின் குரல் கூட வரும்.

பாட்டுப் பதிவு செய்யாத மற்ற சகோதரிகள், "நமக்கென்ன இதில்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் டெலிபோனில் அப்பாவின் குரல் இருக்கிறதா? குழந்தையின் முதல் மழலை இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பிய, "சாப்பிட்டாயா?" இருக்கிறதா? டெலிபோன் மாற்றும்போது அதுவும் இதே ஆபத்தில்தான் இருக்கிறது. இன்று இரவு வேலை முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த ஒன்றை வெளியே எடுத்து, யார், எப்போது என்று பெயர் போட்டு, வேறு ஊரில் இருக்கும் உடன்பிறப்பு ஒருவருக்கு ஃபைலாகவே அனுப்பி வையுங்கள். வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்; போட்டுக் கேட்டார்களா என்றும் கேளுங்கள்.